வீட்டு விளம்பரப் படங்களை நம்பலாமா? தோட்டப்புற ஊரில் வீடு தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் வீடு வாங்கும் வேலை இப்போது கைப்பேசியில்தான் தொடங்குகிறது. பிள்ளைகள் பினாங்கிலோ ஷா ஆலமிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறார்கள். தோட்டத்து வீட்டைக் காலி செய்து வந்த அப்பா அம்மாவுக்கு, வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு தெரஸ் வீடு வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள், மனசு ஒப்பிவிடுகிறது, ‘இன்னும் ரெண்டு பேர் கேக்குறாங்க’ என்று ஏஜெண்ட் சொன்னதும் மறுநாள் காலையில் புக்கிங் பணம் போய்விடுகிறது.

இப்படி வரும் படங்களில் முழுப் பொய் குறைவு. வீடு உண்மையான வீடு, சுவர் உண்மையான சுவர். எடுத்தவர் எந்த மூலையில் நின்றார், எந்தப் பக்கம் திரும்பவே இல்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது ‘கேமராவுக்குப் பின்னால் என்ன இருந்தது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாமே அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான்.

முதல் வேலை: இது எந்த வகைப் படம்?

புதிய வீட்டுத் திட்டத்தின் விளம்பரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கணினியில் வரைந்த ஓவியம். ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஓவியரின் கற்பனை’ என்ற பொருளில் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி இருக்கும். அதில் சாலை மூன்று லாரி அகலம், மரங்களுக்கு வயது முப்பது, பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கார்கூட நிற்காது. இதைத் திட்டிப் பயனில்லை, இதற்குள்ள சோதனை வேறு. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளருக்கு உரிமமும், விளம்பரம் செய்யவும் விற்கவும் தனி அனுமதியும் வேண்டும். அந்த இரண்டு எண்களும், அவை எதுவரை செல்லும் என்ற தேதியும், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா என்பதும், வீடு எப்போது முடியும் என்பதும் விளம்பரத்தில் இருந்தாக வேண்டும். அழகான படமும் ஒரு வாட்ஸ்அப் எண்ணும் மட்டும் இருந்தால் அதை விளம்பரம் என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள். வீடமைப்பு அமைச்சின் ‘தெடுஹ்’ (TEDUH) இணையத்தளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். பிறகு, படத்தில் இருப்பது உங்களுக்குக் கிடைக்குமா என்று ஏஜெண்டிடம் கேட்பதைவிட, ஒப்பந்தத்தோடு சேர்த்திருக்கும் கட்டட விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தானாகத் திறக்கும் ஆட்டோ கேட்டும் சமையலறை அலமாரியும் அதில் இல்லை என்றால் வீட்டிலும் இருக்காது.

மாதிரி வீட்டுப் படம் இன்னொரு வகை. அங்கே கட்டிலும் சோபாவும் அளவு குறைத்துச் செய்யப்பட்டிருக்கலாம், அறைக் கதவுகளைக் கழற்றி வைத்திருக்கலாம், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருக்கலாம். நேரில் போகும்போது அளவு நாடா கொண்டு போனால் போதும், அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஏற்கெனவே ஆள் குடியிருந்த பழைய வீடு. நம் ஊர்களில் பெரும்பாலும் கைமாறுவது இதுதான் என்பதால் இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் இதைப் பற்றியே. இதில் ஒரு தனி ரகம் உண்டு. அதே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), அதே அமைப்பில் உள்ள வேறொரு வீட்டின் படத்தைப் போட்டுவிடுவார்கள். கேட்டால், ‘சேம் டைப்தான் அண்ணே’ என்பார்கள். அமைப்பு ஒன்றாக இருக்கலாம். கூரை ஒழுகுவது அமைப்பைப் பார்த்து ஒழுகாதே!

அடுத்து: அகலத்தை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சிறிய ஹாலைப் பெரிதாகக் காட்ட இப்போது தனிக் கேமரா தேவையில்லை. ஐபோனில் 2019-இல் வந்த 11-ஆவது மாடல் முதல் பெரும்பாலானவற்றில் 0.5 என்றொரு பொத்தான் இருக்கிறது. மற்ற நிறுவனங்களின் கைப்பேசிகளிலும் வந்துவிட்டது. அந்த லென்ஸ் ஏறக்குறைய 120 பாகை அகலத்தை ஒரே படத்தில் அடக்கும். வாசல் மூலையில் முதுகைச் சுவரில் ஒட்டி நின்று, இடுப்பு உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து எடுத்தால், பன்னிரண்டு அடி ஹால் கல்யாண மண்டபம் போலத் தெரியும்.

இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அகல லென்ஸில் பக்கத்தில் உள்ளது மிகப் பெரிதாகவும் தூரத்தில் உள்ளது மிகச் சிறிதாகவும் விழும். ஹாலின் கடைசியில் இருக்கும் சமையலறைக் கதவு பொம்மைக் கதவு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். படத்தின் ஓரத்தில் இருக்கும் பொருள்கள் பக்கவாட்டில் இழுபடும். வட்டக் கடிகாரம் முட்டை வடிவத்தில் இருக்கும், ஒற்றைக் கதவு பிரிட்ஜ் இரட்டைக் கதவு பிரிட்ஜ் அகலத்துக்கு வந்துவிடும். கைப்பேசியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்திருந்தால் சுவரின் செங்குத்துக் கோடுகளும் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கும்.

சந்தேகம் வந்தபின் அளக்க வேண்டும். படத்துக்குள்ளேயே அளவுகோல் கிடக்கிறது, தரை டைல்ஸ். நம் நாட்டு வீடுகளில் ஓர் அடிக்கு ஓர் அடி, பதினாறு அங்குலம், இரண்டு அடிக்கு இரண்டு அடி ஆகிய அளவுகள் சாதாரணமாகக் காணக்கூடியவை. லென்ஸ் எதை வேண்டுமானாலும் இழுக்கட்டும், டைல்ஸின் எண்ணிக்கையை மாற்ற முடியாது. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை எண்ணுங்கள். இரண்டடி டைல்ஸ் ஆறு இருந்தால் அந்த இடம் பன்னிரண்டு அடி, அவ்வளவுதான்.

டைல்ஸ் எந்த அளவு என்று எப்படித் தெரியும்? அதற்கு உதவும் பொருள்கள் எல்லா வீட்டிலும் உண்டு. சுவரில் பதித்த ஒற்றை மூன்று முள் பிளக் பாயின்ட்டின் முகப்புத் தகடு 86 மில்லிமீட்டர் சதுரம். ஓர் அடி என்பது அதைப்போல மூன்றரை மடங்கு. கதவின் அகலம் மூன்று அடிக்குப் பக்கத்தில் இருக்கும். குவீன் மெத்தை ஐந்து அடி அகலம், ஆறேகால் அடி நீளம். அளக்கும் பொருளும் டைல்ஸும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். கதவின் அடியில் ஓடும் டைல்ஸைக் கதவோடு ஒப்பிடுங்கள், கேமரா பக்கம் இருக்கும் டைல்ஸை ஒப்பிடாதீர்கள்.

இதோடு விளம்பரத்தில் எழுதியிருக்கும் அளவையும் சேர்த்துப் பாருங்கள். ‘22க்கு 70’ என்றால் அது நிலத்தின் அளவு. தெரஸ் வீட்டில் நில அகலமும் வீட்டு அகலமும் ஏறக்குறைய ஒன்று. சுவர்க் கனத்தைக் கழித்தால் உள்ளே சுமார் இருபத்தொரு அடி இருக்கும். வீட்டின் முழு அகலத்தையும் காட்டும் படத்தில் இரண்டடி டைல்ஸ் எட்டுத்தான் எண்ண முடிகிறது என்றால், ஒன்று அந்த அகலம் தவறு, இல்லாவிட்டால் படம் வேறு வீட்டினுடையது. நீளத்தைப் பொறுத்தவரை எழுபது அடி முழுக்க வீடு இல்லை. முன் கார்ப்போர்ச், பின்புறக் காலியிடம் எல்லாம் அதற்குள்தான்.

படத்தில் இல்லாதவற்றைப் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டின் பகுதிகளை வரிசையாக எழுதுங்கள். வாசல், எதிர்வீடு, இரு பக்கத்து வீடு, ஹால், ஒவ்வோர் அறை, குளியலறை, சமையலறை, பின் சந்து, மேல்கூரையின் உள்பக்கம், மின்சாரப் பெட்டி. படம் இருப்பதற்கு டிக். டிக் விழாத இடங்கள்தான் நீங்கள் பார்க்க வேண்டிய வீடு.

ஹாலுக்கு ஐந்து படம், குளியலறைக்கு ஒன்றுமில்லை என்றால் காரணம் இருக்கும். முகப்புப் படம் வீட்டின் தூணோடு சரியாக வெட்டப்பட்டிருந்தால் பக்கத்து வீட்டைப் பாருங்கள். இளைஞர்கள் வெளியூர் போய்விட்ட தாமான்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் உண்டு. கூரை விழுந்து, முற்றத்தில் ஆள் உயரம் புதர், மழைக்காலத்தில் கொசு. அப்படி ஒரு வீடு ஒட்டினாற்போல் இருப்பது எந்தப் படத்திலும் வராது. எல்லாப் படமும் கீழ்நோக்கியே எடுக்கப்பட்டிருந்தால் கூரைப் பலகையில் மஞ்சள் கறை இருக்கலாம். எல்லாமே மேல்நோக்கி இருந்தால் தரையில் வெடிப்பு இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். படம் எடுத்தவர் சோம்பேறியாகவும் இருக்கலாம்! அதனால்தான் இது குற்றப் பட்டியல் ஆகாது, கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல்.

சமையலறையின் பின்பக்கத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். பழைய ஒற்றைத் தளத் தெரஸ் வீடுகளில் பலர் பின்னால் இருந்த காலியிடத்தில் சமையலறையை நீட்டியிருப்பார்கள். பழைய வீடு ஓர் அடித்தளத்தில், நீட்டிய பகுதி வேறோர் அடித்தளத்தில். மண் இறங்கும்போது இரண்டும் ஒரே அளவில் இறங்காது. சேரும் இடத்தில் சுவரில் மேலிருந்து கீழாக வெடிப்பு வரும், தரை பின்பக்கமாகச் சாயும். விளம்பரப் படத்தில் அந்த இடத்தில் ஓர் அலமாரியோ பெரிய காலண்டரோ திரையோ இருந்தால், நேரில் போகும்போது முதலில் அதை நகர்த்திப் பாருங்கள். நீட்டியதற்கு நகராண்மைக் கழகம் அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத பகுதியை பேங்க் மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடலாம். விற்பவர் விலைக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே பள்ளம் விழுந்தால், பேங்க் இரண்டில் குறைந்ததை வைத்துத்தான் லோன் கொடுக்கும். மிச்சம் உங்கள் கையிலிருந்து.

திருத்திய படங்கள்

வானத்தை நீலமாக்குவது, புல்லைப் பச்சையாக்குவது எல்லாம் ஒரு தட்டலில் நடக்கிறது. அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை, கல்யாணப் படத்திலும்தான் முகத்தை வெளுப்பாக்குகிறார்கள். மின்கம்பத்தையும் உயர் அழுத்தக் கம்பியையும் சுவர்க் கறையையும் அழிப்பதுதான் வம்பு. இரண்டு படங்களில் ஒரே மேகம் இருக்கிறதா, கம்பி நடுவானில் அறுந்து நிற்கிறதா, கூரை விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறதா, முற்றத்தில் நிழல் ஒரு பக்கமும் வெயில் வேறு பக்கமும் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். காலி வீட்டில் சோபாவும் டைனிங் டேபிளும் கணினியில் பொருத்தியிருந்தால், அவற்றின் கால்களுக்கு அடியில் நிழல் சரியாக விழாது, டிவிக்கு வயர் இருக்காது, பளபளப்பான டைல்ஸில் அவற்றின் பிம்பம் தெரியாது. ‘காலி வீட்டுப் படம் அனுப்புங்க’ என்று கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யும் சோதனை

படத்தைச் சேமித்து கூகள் லென்ஸில் போடுங்கள். அதே படம் வேறு ஊரிலோ, வேறு விலையிலோ, ஒரு ஹோம்ஸ்டே விளம்பரத்திலோ வந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஒரு விஷயம்: ஒரே வீட்டைப் பல ஏஜெண்டுகள் விளம்பரம் செய்வது இங்கே சகஜம். எனவே ஒரே முகவரிக்கு ஒரே படம் இரண்டு இடத்தில் வந்தால் அது மோசடி ஆகாது. விலை மட்டும் ஏன் வேறுபடுகிறது என்று கேளுங்கள். பழைய விளம்பரம் ஒன்று அகப்பட்டால் அது அதிர்ஷ்டம். மூன்று வருஷத்துக்கு முந்தைய படத்தில் இருந்த கறை இப்போது பெயின்ட்டுக்குள் போயிருப்பது தெரிந்துவிடும்.

அப்புறம் வரைபடம். தாமானின் பெயரைப் போட்டுச் செயற்கைக்கோள் காட்சியில் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் செம்பனையா, கழிவுநீர்க் குளமா, ஆறா, கோழிப் பண்ணையா எல்லாம் மேலிருந்து தெரியும். வீடு எந்தத் திசை பார்க்கிறது என்பதும் தெரியும். மேற்கே பார்த்த முகப்பில் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும். காலை ஒன்பது மணிக்கு எடுத்த படத்தில் அந்தக் கார்ப்போர்ச் குளுகுளுவென்று நிழலாகத்தான் இருக்கும். தெருக்காட்சி கிடைக்கும் சாலைகளில் முந்தைய ஆண்டுகளின் படங்களையும் திறந்து பார்க்கலாம். அந்த வசதியை நம்மவர்கள் பயன்படுத்துவதே இல்லை.

‘ஈப்போவுக்கு மிக அருகில்’ என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு தூரத்தை அளந்து பாருங்கள். சுங்கை சிப்புட் டவுனிலிருந்தே ஈப்போ ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். லிந்தாங், ஜாலோங் பக்கம் உள்ளே போனால் இன்னும் தூரம்.

பச்சைப் பசேலென்ற பின்னணி இருந்தால் அது யாருடைய நிலம் என்று யோசியுங்கள். ‘இயற்கைச் சூழல்’ என்று விளம்பரம் சொல்வது பெரும்பாலும் தோட்டம்தான். செம்பனையை ஏறக்குறைய இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்வார்கள், அல்லது நிலமே தாமானாகவோ தொழிற்சாலையாகவோ மாறும். நகர, கிராமத் திட்டமிடல் துறையின் ஐ-பிளான் தளத்தில் அந்த நிலம் எதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். வெள்ளத்துக்கு, வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்போ பஞ்சிர் தளத்தில் அருகில் உள்ள ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்க முடியும். ஆனால் ஒரு குறிப்பிட்ட தெருவில் தண்ணீர் ஏறுமா என்பதை அந்தத் தெருக்காரர்தான் சொல்வார்.

ஏஜெண்டிடம் என்ன கேட்பது

சொத்து ஏஜெண்டுகளையும் அவர்களுக்குக் கீழ் வேலை செய்யும் பேரப் பேச்சாளர்களையும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் எல்.பி.பி.இ.எச். வாரியம் பதிவு செய்கிறது. பேரப் பேச்சாளருக்கு ‘ரென்’ எண்ணும், படத்தோடு கூடிய அடையாள அட்டையும் உண்டு. அந்த எண்ணை வாரியத்தின் தளத்தில் போட்டால் பெயரும் நிறுவனமும் வரும். பதிவு எண் இல்லாதவர் அடுத்தவர் வீட்டைப் படம் போட்டு விற்றுத் தருவது சட்டவிரோதம். ஊரில் ‘எனக்குத் தெரிஞ்ச மண்டோர் மவன் பாத்துத் தர்றான்’ என்பது அன்பான ஏற்பாடுதான். ஆனால் தகராறு வந்தால் வாரியம் தட்டிக் கேட்க ஒரு பதிவுகூட இருக்காது.

பேச்சு இப்படிப் போகலாம்:

‘அண்ணே, விளம்பரத்துல இருக்கிற படம் இதே வீடா? எப்ப எடுத்தது?’

‘இதே வீடுதான் தம்பி, போன வருஷம் எடுத்தது.’

‘சரிண்ணே. அப்ப இன்னிக்கு நெலமைக்கு ஒரு வீடியோ வேணும். கேட்டுக்கு வெளிய நின்னு ரோட்டைச் சுத்திக் காட்டிட்டு, வெட்டாம பின் சந்து வரைக்கும் வாங்க. குழாயைத் தொறந்து காட்டுங்க. சமையலறை சிங்க் அடியில ஒரு தடவை காட்டிடுங்க.’

வெட்டாத வீடியோ என்பதுதான் முக்கியம். நடுவில் வெட்டினால் அந்த இடத்தில் ஏதோ விட்டுப்போகிறது. வீடியோ அழைப்பிலேயே காட்டினால் இன்னும் நல்லது, ‘கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கண்ணே’ என்று நீங்களே சொல்லலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த தேதி விவரம் அழிந்துவிடும் என்பதால், படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ஏஜெண்டுகள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை, வீணாக ஊர்ப்பயணம் போக அவர்களுக்கும் விருப்பமில்லை. ‘அந்த வீடு வித்துப்போச்சு, வேற ஒண்ணு இருக்கு’ என்ற பதில் முதல் அழைப்பிலேயே வந்தால், அந்த அழகான படம் ஒரு தூண்டில் மட்டுமே.

நேரில் பார்க்கும்போது

பிள்ளை வெளியூரில், பெற்றோர் உள்ளூரில் என்றால் பெற்றோரை அனுப்புங்கள். ஊரைப் படிக்க அவர்களுக்குத்தான் தெரியும். விளம்பரப் படங்களைப் பெரிதாக அச்சடித்துக் கையில் கொடுத்து, ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட இடத்தில் நின்று, பிறகு அப்படியே பின்பக்கம் திரும்பி ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வேறெந்தச் சோதனையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

எந்தப் படத்திலும் வராதது நாற்றம். தோட்டப்புற ஊரில் இது சின்ன விஷயமில்லை. செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குளங்களும், கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) வாங்கிப் பதப்படுத்தும் ரப்பர் ஆலையும் காற்றடிக்கும் திசையில் கிலோமீட்டர் கணக்கில் வீசும். பகலில் தெரியாமல், காற்று அடங்கிய ராத்திரியிலும் விடிகாலையிலும் மூக்கைத் துளைக்கும். ஏஜெண்ட் காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னால் போய்ப் பாருங்கள், ஆனால் இரவு எட்டு மணிக்கு அவர் இல்லாமல் ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து வாருங்கள். செம்பனைக் குலை லாரிகள் எந்த ரோட்டில் ஓடுகின்றன என்பதும் அப்போது தெரியும். நல்ல மழை பெய்து அரை மணி நேரம் கழித்துப் போனால் லோங்காங் (சாலையோர வடிகால்) நிரம்பி வழிகிறதா என்று பார்த்துவிடலாம்.

சுவரின் கீழ்ப்பகுதி மட்டும் மூன்று அடி உயரத்துக்குப் புதுப் பெயின்ட் என்றால் தண்ணீர் ஏறிய கோட்டை மறைத்திருக்கலாம், அல்லது தரை ஈரம் மேலேறி உப்புப் பூத்ததை மறைத்திருக்கலாம். பிளக் பாயின்ட்டுகள் வழக்கத்தைவிட உயரத்தில் வைக்கப்பட்டிருந்தாலும் காரணம் கேளுங்கள்.

அடுத்தது கரையான். இங்குள்ள பல தாமான்கள் பழைய பால்மரக் காட்டின் மேல் எழுந்தவை. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, இதே ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளர்களையே பங்குதாரர்களாக்கித் தோட்டம் வாங்க வைத்தார். அப்படியும் காலப்போக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடுகளாகிவிட்டன. மண்ணுக்கடியில் விட்ட வேரும் கட்டையும் கரையானுக்குத் தீனி. படத்தில் பளிச்சென்று இருக்கும் கதவு நிலையை விரல் மடக்கித் தட்டுங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே ஒன்றுமில்லை, பெயின்ட் மட்டும்தான் நிற்கிறது. அலமாரிகளின் கதவை எல்லாம் திறந்து, பின்பலகையில் மண் கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்கூரைப் பலகையைத் திறக்கும் மூடி இருந்தால் அதையும்.

கடைசியாகப் பக்கத்து வீடு. ‘அக்கா, இந்தத் தெருவுல மழைக்குத் தண்ணி ஏறுமா? தண்ணி பைப்புல பிரஷர் எப்படி? இந்த வீட்டுக்காரங்க ஏன் விக்கிறாங்க?’ இந்த மூன்று கேள்விக்கு ஒரு கப் தேநீரோடு கிடைக்கும் பதில், முப்பது படத்தில் கிடைக்காது.

காகிதமும் பணமும்

படம் வீட்டைக் காட்டும், உரிமையைக் காட்டாது. மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி ‘சாரியான்’, அதாவது நிலப் பதிவு விவரம், எடுத்தால் கிராண்டில் (நிலப் பட்டாவில்) யார் பெயர், குத்தகை என்றால் எத்தனை வருஷம் மிச்சம், பேங்க் அடமானம் உண்டா, கைமாற்றத்தைத் தடுக்க யாராவது காவியட் போட்டிருக்கிறார்களா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா, கைமாற்ற மாநில அரசின் சம்மதம் வேண்டுமா என்பதெல்லாம் தெரியும். மரத்தடியில் பெரிய முற்றத்தோடு பலகை வீடு, நம்ப முடியாத மலிவு விலை என்றொரு படம் வந்தால் இன்னும் கவனம். அது தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில், அதாவது எல்.பி.எஸ். நிலத்தில் இருக்கலாம். அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. நீங்கள் வாங்குவது பலகையையும் தகரத்தையும் மட்டும்தான்.

பழைய வீட்டுக்கு வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கட்டி, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அதை 10 விழுக்காடாக்குவார்கள். 200,000 ரிங்கிட் வீட்டுக்கு முதலில் 4,000 முதல் 6,000, பிறகு மொத்தம் 20,000. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கப் போகும் பணம் என்றால் அது அப்பாவின் முதுமைக் காசு. அந்த முன்பணம் ஏஜெண்ட் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ லோயரின் கணக்குக்கோ போக வேண்டும். தனி நபரின் கணக்கு எண் வந்தால் அனுப்பாதீர்கள்.

முன்பணக் கடிதத்தில் இரண்டு விஷயம் எழுத்தில் இருக்கட்டும். லோன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும் என்பது ஒன்று. படத்தில் தெரியும் ஏசி, வாட்டர் ஹீட்டர், அலமாரி, ஆட்டோ கேட் எல்லாம் விலையில் சேர்ந்ததா என்பது இன்னொன்று. விளம்பரப் படங்களையே அச்சடித்து, ஒவ்வொன்றிலும் விற்பவர் கையெழுத்துப் போட்டுக் கடிதத்தோடு இணைத்துவிட்டால் சாவி வாங்கும் நாளில் வாக்குவாதம் வராது.

சட்டம் இதில் உங்களிடமும் ஒன்றை எதிர்பார்க்கிறது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தவறான தகவலைச் சொல்லிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம் என்கிறது. அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், அந்த ரத்து செய்யும் உரிமை கிடைக்காமல் போகலாம். ‘படத்தில் வெடிப்பு தெரியவில்லை’ என்று வழக்குக்குப் போனால், ‘சாவி கொடுக்கிறேன், வந்து பாருங்கள் என்றேனே’ என்று விற்றவர் சொல்ல வழி இருக்கிறது. நேரில் பார்க்காமல் வாங்கியவர் நிலைமை அங்கே பலவீனமாகிவிடும்.

லேலோங் வீடும் வாடகை வீடும்

ஏல வீட்டுப் படம் பெரும்பாலும் கேட்டுக்கு வெளியிலிருந்து எடுத்தது, எப்போது எடுத்தது என்பதும் தெரியாது. இருக்கும் நிலையிலேயே விற்பனை என்பது நிபந்தனை. உள்ளே ஆள் இருந்தால் வெளியேற்றுவதும் உங்கள் பொறுப்பு. முன்பணம் கட்டியபின் மீதியை 90 அல்லது 120 நாளில் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் முன்பணம் போய்விடும். உள்ளே பார்க்க முடியாத வீட்டுக்குப் பழுதுபார்க்கும் செலவைத் தாராளமாகக் கணக்கிட்டுவிட்டு ஏலம் கேளுங்கள். முதல் வீடாக இதை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாடகையில் ஏமாற்று வேறு மாதிரி. எங்கோ உள்ள ஹோம்ஸ்டேயின் படம், பாதி வாடகை, ‘சாவியை கூரியர்ல அனுப்புறேன், மொதல்ல டெபாசிட் போடுங்க.’ வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு காசும் போடக் கூடாது. கொடுத்த கணக்கு எண்ணைப் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஏமாந்துவிட்டால்

விளம்பரத்தை முதல் நாளே முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்க வேண்டும். தேதி, விலை, ஏஜெண்டின் எண், எல்லாப் படங்களும். பிரச்சினை என்றதும் விளம்பரம் மறைந்துவிடும்.

பணம் மோசடிக் கணக்குக்குப் போய்விட்டது என்று தெரிந்த உடனே 997-ஐ அழையுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். உங்கள் பேங்கின் அவசர எண்ணையும் அழைத்து, பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். பதிவு பெற்ற ஏஜெண்ட் வேண்டுமென்றே தவறான படம் போட்டிருந்தால் புகார் எல்.பி.பி.இ.எச். வாரியத்துக்குப் போக வேண்டும். மேம்பாட்டாளரோடு தகராறு என்றால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் லோயர் இல்லாமலே கொண்டுபோகலாம், காலக்கெடு உண்டு என்பதால் தள்ளிப் போடாதீர்கள். தனிப்பட்ட ஒருவரிடம் வாங்கிய பழைய வீட்டுக்கு அந்தத் தீர்ப்பாயம் கிடையாது. அங்கே ஒப்பந்தம் எழுதிய லோயரைத் தவிர்த்து, விற்பவருக்கு எந்தத் தொடர்பும் இல்லாத வேறொரு லோயரிடம் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் கையெழுத்திட்ட படங்களையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.